மசாய் மாராவுக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கென்யாவின் தென்மேற்கில், நாரோக் கவுண்டியில், ஏறத்தாழ 1,510 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் புல்வெளிக் காப்பகம் மசாய் மாரா. அதன் தெற்கு எல்லையில் வேலி கிடையாது. எல்லைக் கல்லைத் தாண்டினால் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா தொடங்கிவிடும், விலங்குகளுக்கு இரண்டும் ஒரே நிலம். முதுமலையிலும் பந்திப்பூரிலும் அடர்ந்த காட்டின் ஓரத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் விலங்கைத் தேடிப் பழகியவர்களுக்கு, அடிவானம் வரை கண்ணை மறைக்க எதுவுமில்லாத இந்த வெளி முதலில் திகைப்பைத் தரும். இங்கே விலங்குகளைக் காண்பதற்குப் பெரும் முயற்சி வேண்டியதில்லை. அவற்றின் அன்றாட வாழ்வைக் குலைக்காமல், போதிய நேரம் நின்று பார்ப்பதற்குத்தான் முயற்சி வேண்டும், அந்த முயற்சி வீட்டில் இருந்து திட்டமிடும்போதே தொடங்க வேண்டும்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலோர் மாராவுக்குச் செல்வது வில்டபீஸ்ட்டுகளின் இடப்பெயர்வைக் காண்பதற்காக. தாடியும் வளைந்த கொம்பும் கொண்ட, மாட்டைப் போலத் தோன்றும் இந்த மான் இன விலங்குகள் பத்து லட்சத்துக்கும் மேல், இலட்சக்கணக்கான வரிக்குதிரைகளோடும் தாம்சன் மான்களோடும் சேர்ந்து, மழையையும் புதுப்புல்லையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமாக நகர்கின்றன. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை அவை செரெங்கெட்டியின் தெற்கே நுடூட்டு சமவெளியில் கன்று ஈனும். பிறகு மேற்கும் வடக்குமாக நகர்ந்து, பொதுவாக ஜூலையில் மாராவை அடைந்து, அக்டோபர் வரை அங்கே மேயும். மழை முந்தினால் மந்தையும் முந்தும், மழை பிந்தினால் மந்தையும் பிந்தும் என்பதால், குறிப்பிட்ட ஒரு நாளில் மந்தை மாரா ஆற்றைக் கடப்பதைக் காட்டுகிறோம் என்று உறுதி கூறும் எந்த முகவரையும் நம்ப வேண்டாம்.

இடப்பெயர்வு இல்லாத மாதங்களில் மாரா வெறுமையாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி ஆகியவை தத்தம் எல்லைக்குள்ளேயே ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. யானை, எருமை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை ஆகியவையும் எப்போதும் இருக்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மழை குறைவு, கூட்டமும் குறைவு, கட்டணமும் பாதி. முதன்முறை செல்பவருக்கு, ஆற்றைக் கடக்கும் காட்சி ஒன்றையே மனத்தில் வைத்திராவிட்டால், இந்த இரு மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். மார்ச் பின்பகுதி முதல் மே வரை நீள்வது பெருமழைக் காலம். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். ஈரத்தில் அது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் நான்கு சக்கர விசை கொண்ட வண்டியும் அரை நாள் நின்றுவிடும். நவம்பரிலும் டிசம்பரிலும் பெய்வது சிறுமழை. அதனால் பயணத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை.

2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 அமெரிக்க டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று வகுக்கப்பட்டுள்ளது. 9 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு 50 டாலர். அனுமதிச் சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை செல்லும். காப்பகத்துக்குள்ளேயே தங்கியவர்கள் கடைசி நாளன்று காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும், இல்லையெனில் இன்னொரு நாள் கட்டணம் சேரும். இக்கட்டணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே முகவர் தரும் மொத்தத் தொகையில் நுழைவுக் கட்டணம் அடங்கியுள்ளதா, எத்தனை நாளுக்கு அடங்கியுள்ளது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மலிவாகத் தோன்றும் பல பயணத் திட்டங்களில் இது வெளியே நிறுத்தப்பட்டிருக்கும்.

எந்தப் பகுதியில் தங்குவது

மாரா என்று பொதுவாகச் சொன்னாலும் அது நிருவாகத்தால் மூன்று வகையான நிலம். மாரா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பெரும்பகுதியை நாரோக் கவுண்டி அரசு நேரடியாக நடத்துகிறது. செக்கெனானி, தாலெக், முசியாரா வாயில்கள் இப்பகுதியைச் சேர்ந்தவை, தங்குமிடங்களும் வண்டிகளும் இங்கேதான் மிகுதி. ஆற்றுக்கு மேற்கே, ஒலோலோலோ மலைச்சரிவின் அடியில் உள்ள முக்கோணப் பகுதியான மாரா டிரையாங்கிளை 2001 முதல் மாரா கன்சர்வன்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு நடத்திவருகிறது. அங்கே பாதைகள் நன்கு பேணப்படுகின்றன, விதிமீறலுக்கு அபராதம் உண்டு, வண்டிகளும் குறைவு.

மூன்றாவது வகை, காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள தனிக் கன்சர்வன்சிகள், அதாவது தனியார் நிலத்தில் அமைந்த விலங்குப் பாதுகாப்புப் பகுதிகள்: மாரா நார்த், ஒலாரே மொட்டொரோகி, நபோய்ஷோ, ஒல் கின்யேய் முதலியன. இந்நிலங்கள் கால்நடை வளர்க்கும் மசாய் இனக் குடும்பங்களுக்கு உரியவை. குடும்பங்கள் தங்கள் நிலத்தை வேலியிட்டுப் பிரிக்காமல் ஒன்றுசேர்த்துக் குத்தகைக்கு விடுகின்றன. தங்குமிடங்கள் அதற்கு மாதந்தோறும் பணம் செலுத்துகின்றன. அந்தந்தக் கன்சர்வன்சியில் தங்குபவர்கள் மட்டுமே அதற்குள் வண்டியில் செல்ல முடியும் என்பதால், ஒரு சிறுத்தையின் அருகே இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்பதில்லை. காப்பகத்துக்குள் அனுமதி இல்லாத இரவு வண்டிப் பயணமும் மசாய் வழிகாட்டியுடன் நடந்து செல்வதும் இங்கே உண்டு. வாடகை அதிகம்தான். ஆயினும் பணத்தை எங்கே கூடுதலாகச் செலவிடலாம் என்று கேட்பவர்களுக்கு, சொகுசு அறையைக் காட்டிலும் இந்த நிலங்களில் இரண்டு இரவுகளைத்தான் சொல்வேன். அந்தக் குத்தகைப் பணம் இருக்கும் வரைதான் விலங்குகளின் வழித்தடங்கள் வேலியின்றித் திறந்திருக்கும்.

எங்கே தங்கினாலும் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் ஒரே இடத்தில் தங்குங்கள். ஒரு வாரத்தில் மாரா, நக்குரு, அம்போசெலி, நைவாஷா என்று நான்கு இடங்களைக் கோத்துத் தரும் திட்டங்களில் பகற்பொழுதின் பெரும்பங்கு நெடுஞ்சாலையில் கழிந்துவிடும்.

வழிகாட்டியும் வண்டியும்

பயணத்தின் தரத்தை முடிவு செய்பவர் வண்டியை ஓட்டும் வழிகாட்டியே. கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு நடத்தி வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் சான்றிதழ் வழங்குகிறது. முன்பதிவு செய்யும்போதே உங்கள் வழிகாட்டி எந்த நிலைச் சான்று பெற்றவர், மாராவில் எத்தனை ஆண்டுகள் பணியாற்றியவர் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதை நல்ல நிறுவனங்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டா. மசாய் இளைஞர்கள் பலர் இப்பகுதியிலேயே வழிகாட்டிப் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். சிறுவயதில் ஆடு மாடு மேய்த்து வளர்ந்த அவர்களுக்கு அந்த நிலத்தின் ஒவ்வொரு ஓடையும் புதரும் தெரிந்திருக்கும்.

வண்டியைப் பொறுத்தவரை, மேற்கூரையைத் தூக்கி நின்று பார்க்கக்கூடிய லேண்ட் குரூசர் வகை சிறந்தது. அதே கூரை அமைப்புள்ள மினி வேன்களும் ஓடுகின்றன. வறண்ட மாதங்களில் அவை போதும், மழையில் போதா. ஒவ்வொருவருக்கும் சன்னலோர இருக்கை உண்டா என்றும், வண்டி உங்கள் குழுவுக்கு மட்டுமா, பிறரும் ஏறுவார்களா என்றும் கேட்டுத் தெளிவுபெறுங்கள். பறவைகளைக் காண விரும்புபவரும் சிங்கத்தை மட்டும் காண விரும்புபவரும் ஒரே வண்டியில் அமர்ந்தால் இருவருக்குமே மனக்குறைதான்.

ஆவணங்களும் மருத்துவமும்

2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி முறையைக் கொண்டுவந்துள்ளது. அரசின் இணையதளத்தில் கடவுச்சீட்டு, விமானச் சீட்டு, தங்குமிட முன்பதிவு ஆகியவற்றைப் பதிவேற்றி, சுமார் 30 டாலர் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியே தேவை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்கும் தனியார் தளங்கள் இருப்பதால் முகவரியைக் கவனித்துப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து செல்வோர் அலட்சியம் செய்யக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா அந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இன்றித் திரும்பும் பயணியை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் போடுவதாலும் முன்பதிவு தேவைப்படுவதாலும் ஒரு மாதத்துக்கு முன்பே விசாரியுங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று ஏற்கப்பட்டுள்ளது. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளோருக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் இந்த ஊசி பொருந்தாது. அறுபது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் பேசிய பின்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

மாராவில் மலேரியா உண்டு. மலேரியா எல்லாம் நம் ஊரிலும் உள்ளதுதானே என்று எண்ணிவிட வேண்டாம்; ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் பரவுவது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. எந்தத் தடுப்பு மாத்திரையை, எப்போது தொடங்கி, எவ்வளவு காலம் உட்கொள்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மாலையில் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் களிம்பும், இரவில் கொசுவலையும் கட்டாயம்.

பெட்டியில் எடுத்துச் செல்ல வேண்டியவை

மாரா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. விடியற்காலை ஆறு மணிக்குத் திறந்த கூரையின் கீழ் காற்று முகத்தில் அறையும்போது கம்பளிச் சட்டையும் தலையைப் போர்த்தும் துணியும் இல்லாதவர் விலங்கைக் கவனிக்கமாட்டார், குளிரைத்தான் கவனிப்பார். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து ஒவ்வொன்றாகக் களையக்கூடிய பருத்தி ஆடைகளே ஏற்றவை. காக்கி, சாம்பல், மண் நிறங்கள் நன்று. அடர்நீலமும் கறுப்பும் செட்சி என்னும் கடிக்கும் ஈக்களை ஈர்க்கும். படைவீரர் சீருடையை ஒத்த புள்ளிக் கோல ஆடைகளைக் கென்யாவில் அணியவே வேண்டாம். சட்டச் சிக்கல் வரும்.

8 மடங்கு பெரிதாக்கும் இருகண் தொலைநோக்கி ஒன்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பேன். ஒரே கருவியைக் கை மாற்றிக்கொண்டிருந்தால், மரக்கிளையில் சிறுத்தை இறங்கும் அந்தச் சில நொடிகளில் ஒருவர் மட்டுமே பார்த்திருப்பார். படம் எடுப்பவர்களுக்கு 100-400 மில்லிமீட்டர் வில்லை (லென்ஸ்) போதுமானது; முக்காலி வண்டிக்குள் பயன்படாது, அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை ஒன்றைச் சன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் கேமராவைச் சார்த்துவது எளிது. வெறும் பையைக் கொண்டுபோய் நைரோபியில் நிரப்பிக்கொள்ளலாம். புழுதி மிகுதி என்பதால் வெளியில் வில்லையைக் கழற்றி மாட்டுவதைத் தவிருங்கள். ட்ரோன் எடுத்துச் செல்லாதீர்கள்.

கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. 2020 ஜூன் முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் குவளைகளுக்கும் தடை. பெட்டியில் துணிகளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே எடுத்துவிட்டு, உலோகத் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுசெல்லுங்கள். மின்செருகி இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் உள்ள மூன்று சதுரக் கால் வகை. இந்தியாவிலிருந்து செல்வோருக்கு மாற்றி தேவை. டாலர் தாள்கள் 2009-க்குப் பின் அச்சானவையாக, கிழிசலின்றி இருக்கட்டும். பழைய தாள்களைப் பல இடங்களில் வாங்குவதில்லை.

சைவ உணவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இந்திய வம்சாவளியினர் தலைமுறைகளாக வாழும் நாடு என்பதால் பெரும்பாலான தங்குமிடங்களில் பருப்பும் காய்கறிகளும் சமைக்கத் தெரிந்தவர்கள் உள்ளனர். சப்பாத்தி கென்யர்களின் அன்றாட உணவுகளில் ஒன்று. ஆனால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் காய்கறிகள் நாரோக்கிலிருந்தோ நைரோபியிலிருந்தோ வர வேண்டும்.

நைரோபியிலிருந்து மாராவுக்கு

மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு; சென்னையிலிருந்து வளைகுடா நகரங்கள் வழியாகவும் செல்லலாம். நைரோபியிலிருந்து சாலை வழி, ரிஃப்ட் பள்ளத்தாக்கின் விளிம்பில் இறங்கி, மாய் மாஹியு, நாரோக் நகரங்கள் வழியே ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். பள்ளத்தாக்கின் காட்சி முனையில் சிறிது நிற்பது அவசியம்; நிலப்பரப்பே பிளந்து தாழ்ந்திருப்பதை வேறெங்கும் இவ்வளவு எளிதாகப் பார்க்க இயலாது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் அடையலாம், ஆனால் மென்பையில் 15 கிலோ எடை மட்டுமே அனுமதிப்பார்கள். முதுகுவலி உள்ளோரும் முதியோரும் ஒரு வழியாவது பறப்பது நல்லது.

புல்வெளியில் ஒரு நாள்

காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே இருங்கள். சிங்கங்கள் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். இரவு வேட்டையை முடித்து, முகத்தில் இரத்தக் கறையோடு அவை நிழலுக்குத் திரும்புவதைக் காண இந்த முதல் ஒரு மணி நேரமே வாய்ப்பு. நண்பகலில் உறங்கும் சிங்கத்தைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுபவர்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் அதே இடத்துக்குத் திரும்பி வந்து காத்திருக்க வேண்டும். ஒரு பெண்சிங்கம் கொட்டாவி விடும், சிறிது நேரத்தில் இன்னொன்று விடும். பிறகு ஒன்றையொன்று முகத்தோடு உரசிக்கொண்டு எழும். வேட்டைக்குப் புறப்படப் போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

விலங்கைத் தேடுவதற்குப் பிற விலங்குகளைப் பாருங்கள். ஒட்டகச்சிவிங்கிகள் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையை உற்றுநோக்கினால் அங்கே சிங்கம் இருக்கலாம். கறையான் புற்றின்மேல் நிற்கும் டோபி மான் மூக்கால் சீறினாலும், ஆற்றோரத்தில் பபூன் குரங்குகள் குரைப்பதுபோல் கத்தினாலும் வண்டியை நிறுத்தச் சொல்லலாம். கழுகுகள் வானிலிருந்து வேகமாக இறங்கினால் தரையில் இரை கிடக்கிறது. இறங்காமல் மரத்தில் அமர்ந்து காத்திருந்தால் இரையின் மேல் இன்னும் சிங்கமோ கழுதைப்புலியோ உள்ளது. இவற்றையெல்லாம் வழிகாட்டி கவனித்துக்கொண்டே இருப்பார். அவர் ஏன் நின்றார் என்று கேளுங்கள், அவருக்கும் சொல்வதில் மகிழ்ச்சி உண்டு.

சிவிங்கிப்புலியையும் சிறுத்தையையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வது இயல்பு. கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்த் தாரை போன்ற கறுப்புக் கோடும், நெடிய கால்களும், நிறைந்த கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் சிவிங்கிப்புலி. அது பகலில், திறந்த வெளியில், பெரும்பாலும் ஏதேனும் ஒரு மேட்டில் அமர்ந்து மான்களை நோட்டமிடும். சிறுத்தையின் புள்ளிகள் வளையம் வளையமாக இருக்கும். தாலெக் ஆற்றங்கரை மரங்களின் கிடைக் கிளைகளில் வால் தொங்குகிறதா என்று தேட வேண்டும். யானைகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நம் நாட்டு யானைகளில் ஆண்களுக்கே நீண்ட தந்தம் உண்டு, இங்கே பெண் யானைகளுக்கும் உண்டு. காதுகளை அகல விரித்துத் தலையை உலுக்கினால் விலகச் சொல்கிறது என்று பொருள், உடனே விலகிவிட வேண்டும்.

கழுதைப்புலியை வெறுப்போடு கடந்துவிடாதீர்கள். புள்ளிக் கழுதைப்புலிகள் தாம் உண்பதில் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடுகின்றன. சிங்கங்கள் அவற்றிடமிருந்து இரையைப் பறிப்பதும் அடிக்கடி நடக்கும். பெண்களே தலைமை வகிக்கும் இந்தக் கூட்டங்களை மாராவில் கே ஹோல்காம்ப் என்ற அமெரிக்க உயிரியலாளரின் குழு 1988 முதல் தொடர்ந்து ஆய்ந்துவருகிறது. காலையில் வளைகளின் வாயிலில் கறுப்பு நிறக் குட்டிகள் விளையாடுவதைக் காண நேர்ந்தால் அரை மணி நேரமாவது இருந்து பாருங்கள். மாராவில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுவே.

சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற ஐந்தையும் முடித்தாக வேண்டும் என்று பட்டியலோடு வருபவர்கள் பலர். அது நடந்து சென்று சுடுவதற்கு ஆபத்தான விலங்குகள் எவை என்று வேட்டைக்காரர்கள் வகுத்த பட்டியல். கென்யா வேட்டையை 1977-இலேயே தடை செய்துவிட்டது. மாராவில் 1970-களின் தொடக்கத்தில் நூறுக்கு மேல் இருந்த கறுப்புக் காண்டாமிருகங்கள் கள்ள வேட்டையால் 1980-களின் நடுவில் இருபதுக்கும் கீழே சரிந்து, காவலால் மெல்ல மீண்டன. புதர்களில் மறைந்து வாழும் அவற்றைத் துரத்தித் தேடுவதில் ஒரு நாளைச் செலவிடுவதைவிட, காண்டாமிருகத்தையே காண விரும்புவோர் நக்குரு ஏரிப் பூங்காவுக்குத் தனியே செல்லலாம்.

விடியலில் பறக்கும் வெப்பக் காற்றுப் பலூனுக்கு ஒருவருக்கு நானூறு ஐந்நூறு டாலர் ஆகும். அழகுதான், ஆனால் அந்தப் பணத்தில் தங்கும் நாளைக் கூட்டிக்கொள்ள முடியுமானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரையில்

மந்தை ஆற்றைக் கடக்கும் காட்சிக்குப் பொறுமையே முதல் தேவை. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து, தண்ணீரை முகர்ந்து, எதையோ கண்டு மிரண்டு திரும்பி, மீண்டும் வந்து, மாலையில் கடக்காமலே கலைந்துபோவதும் உண்டு. கடக்கத் தொடங்கினால் புழுதியும் ஓலமுமாக ஆறே நிறைந்துவிடும். முதலைகள் சிலவற்றைப் பிடிக்கும், ஆனால் மிகப்பல மூழ்கியே இறக்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை மூழ்குவதாக 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அந்த உடல்கள் மீன்களுக்கும் கழுகுகளுக்கும் உணவாகின்றன, எலும்புகள் பல ஆண்டுகள் கரைந்து ஆற்றுக்கு ஊட்டம் தருகின்றன. குழந்தைகளோடு செல்பவர்கள் இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவைத்தால் அவர்கள் அதிர்ச்சியடையமாட்டார்கள்.

முதல் விலங்கு நீரில் இறங்கும் வரை வண்டிகள் கரையிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். நல்ல இடம் பிடிக்கும் ஆசையில் முந்திச் சென்று மந்தையின் வழியில் வண்டியை நிறுத்தினால், அது பழகிய சரிவை விட்டுச் செங்குத்தான கரையிலிருந்து குதிக்க நேரிடும். கால் முறிந்தவை அங்கேயே சாகும்.

வண்டிக்குள் நம் பொறுப்பு

விதிகள் எளியவை. குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. ஒரு விலங்கின் அருகே ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. பிறர் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும். 25 மீட்டர் இடைவெளி வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. கழிப்பறைகள் வாயில்கள், விமான ஓடுதளங்கள், தங்குமிடங்கள் ஆகியவற்றில்தான் உள்ளன என்பதால் புறப்படும்போதே வழிகாட்டியிடம் இடைவேளைகளைப் பேசிவைப்பது பெண்களுக்கும் முதியோருக்கும் உதவும். கேட்கத் தயங்க வேண்டாம்.

விதிகள் மீறப்படுவது பெரும்பாலும் ஓட்டுநரின் விருப்பத்தால் நிகழ்வதில்லை. பின்னால் அமர்ந்திருக்கும் விருந்தினர் இன்னும் அருகே போகச் சொல்கிறார், போகாவிட்டால் அன்பளிப்பு குறைகிறது. குடும்பத்தைக் காக்க வேண்டிய அந்த மனிதர் பாதையை விட்டு இறங்குகிறார். அதன் விலையை விலங்குகள் தருகின்றன. மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் தாய்ச் சிவிங்கிப்புலிகள் ஓர் ஈற்றில் தனித்து வாழும் வயது வரை வளர்த்தெடுத்த குட்டிகள் சராசரியாக 0.2 மட்டுமே, வண்டிகள் குறைந்த பகுதிகளில் அது 2.3. பசித்த தாயின் வேட்டையைக் குலைப்பதற்கு ஒரு வண்டி குறுக்கே சென்றாலே போதும். ஆகவே முதல் நாள் காலையிலேயே உங்கள் வழிகாட்டியிடம், “எங்களுக்காக விதியை மீற வேண்டாம், தொலைவில் நின்றே பார்க்கிறோம், கூட்டமாக இருந்தால் வேறிடம் போவோம்” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் உங்களை நடத்தும் முறையே மாறும்; கூட்டம் அறியாத இடங்களுக்கு அழைத்துச் செல்வார். கடைசி நாளில் அன்பளிப்பை, பொதுவாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 டாலர் அளவில், அவர் கையிலேயே கொடுங்கள்.

மசாய் மக்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். கிராமத்தைக் காணச் செல்வதற்குக் கட்டணம் உண்டு. அது யாரிடம் சேர்கிறது என்று விசாரித்து, உங்கள் தங்குமிடம் நேரடித் தொடர்பு வைத்துள்ள கிராமத்துக்குச் செல்வது நல்லது. கால்நடைகளே அவர்களுடைய செல்வம். 2015 டிசம்பரில் மாராவில் மாடுகளைச் சிங்கங்கள் கொன்றதை அடுத்து நஞ்சு வைக்கப்பட்டு, புகழ்பெற்ற ஒரு சிங்கக் கூட்டத்தில் சில இறந்தன. இரவில் பட்டியைக் காத்துக் கண்விழிப்பவரின் இழப்பையும் சேர்த்து அறிந்துகொண்டால்தான் அந்த நிலத்தை நாம் முழுமையாகப் பார்த்ததாகும்.

திரும்பிய பின்

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். சென்னையில் இறங்கியதும் குடியேற்றச் சோதனைக்கு முன்பே கேட்பார்கள். மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடக் கூடாது: டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரங்களும், அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாட்களும் தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அது எவ்வளவு இலேசாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் சென்று கென்யாவுக்குப் போய்வந்ததைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.